ஓயா கொண்டு போய்விடுமா?
பிங்கா ஓயாவும் எமது கழிவுநீரும் – ஒரு சூழலியல் நோக்கு

(க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு)

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில் சுமார் 10 கிலோமீற்றர் சென்றால் அக்குறணை வரும். இரு பக்கமும் மலை. நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கில் வீதியும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் முன்பே அங்கு ஓடிக்கொண்டிருந்தது பிங்கா ஓயா. அலவத்துகொடைப் பக்கமிருந்து வந்து, அக்குறணையைக் கடந்து, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையுடன் கலக்கும் சிற்றாறு இது.

எமது ஊர்க் கடைகளின் முகப்புகள் வீதியைப் பார்த்திருக்கின்றன. ஓயா இருப்பது அவற்றின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் கண்ணாடியும் மின்விளக்கும் இருக்க, பின்பக்கத்தில் பல இடங்களில் சுவரிலிருந்து ஓயாவை நோக்கி நீட்டியபடி பி.வி.சி. குழாய்கள் இருக்கின்றன. சிலவற்றிலிருந்து சமையலறை நீர் வருகின்றது. சிலவற்றிலிருந்து குளியலறை நீர் வருகின்றது. சிலவற்றிலிருந்து வருவது என்னவென்று மணத்தைக் கொண்டே அறியலாம்.

இதைப் பற்றி யாரிடமாவது பேசினால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “தண்ணி ஓடுதுதானே, அது கொண்டு போயிரும்.” இந்தப் பதில் எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓயா கொண்டு போகிறதா? எவ்வளவைக் கொண்டு போக அதனால் முடியும்? எங்கே கொண்டு போகிறது?

கழிவுநீர் என்பது என்ன?

வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வெளியேறும் கழிவுநீரில் சுமார் 99.9 சதவீதம் வெறும் தண்ணீரே. பிரச்சினை முழுவதும் எஞ்சிய 0.1 சதவீதத்தில் இருக்கின்றது. அதில் மலம், சிறுநீர், உணவுத் துணிக்கைகள், எண்ணெய், சவர்க்காரம், நோய்க்கிருமிகள் ஆகியன அடங்கும்.

மலசலகூடத்திலிருந்து வருவதைக் ‘கருநீர்’ என்றும், சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து வருவதைச் ‘சாம்பல் நீர்’ என்றும் பிரித்துச் சொல்வர். சாம்பல் நீர் பாதிப்பற்றது எனப் பலர் நினைக்கின்றனர். ஆனால் சோறு கழுவிய நீரும் கறிச்சட்டி கழுவிய எண்ணெயும் ஓயாவில் வாழும் பற்றீரியாக்களுக்கு நல்ல உணவாகும். அந்த உணவுதான் அடுத்து வரும் கணக்கின் தொடக்கம்.

ஒட்சிசன் கணக்கு

மீன்கள் நீரைச் சுவாசிப்பதில்லை. நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனையே சுவாசிக்கின்றன. எமது காலநிலையில், சுத்தமான ஒரு லீற்றர் ஆற்றுநீரில் சுமார் 8 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். இது மிகச் சிறிய அளவு. இது 5 மில்லிகிராமுக்குக் கீழே குறையும்போது பல மீனினங்கள் சோர்வடைகின்றன. 2 மில்லிகிராமுக்கும் கீழே சென்றால் பெரும்பாலானவை உயிர்வாழ முடியாது.

கழிவுநீர் ஆற்றில் சேர்ந்ததும் பற்றீரியாக்கள் அதிலுள்ள சேதனப் பொருள்களை உண்டு பெருகுகின்றன. அவ்வாறு உண்பதற்கு அவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். அவை எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்தும் என்பதே ‘உயிரிரசாயன ஒட்சிசன் தேவை’ எனப்படும். நீர் மாதிரியை 20 பாகை செல்சியஸில் 5 நாட்கள் இருளில் வைத்து இதனை அளவிடுவர். ஆய்வுகூடங்களில் இதைச் சுருக்கமாக ‘பீ.ஓ.டி.’ என்பார்கள். ஒரு நீரின் பீ.ஓ.டி. பெறுமானம் கூடினால், அந்த நீர் ஆற்றின் மூச்சை அந்த அளவுக்குப் பறிக்கின்றது என்று பொருள்.

கழிவுநீர்த் திட்டங்களை வடிவமைக்கும் பொறியியலாளர்கள், ஒரு மனிதர் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவுநீரின் பீ.ஓ.டி. அளவை 60 கிராம் என எடுத்துக் கணக்கிடுவது வழக்கம். இதை வைத்து நாமும் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம்.

60 கிராம் என்பது 60,000 மில்லிகிராம். ஒரு லீற்றர் ஆற்றுநீரில் உள்ள ஒட்சிசன் 8 மில்லிகிராம். 60,000 ஐ 8 ஆல் வகுத்தால் 7,500 வரும். அதாவது, ஒரே ஒரு மனிதரின் ஒரு நாள் கழிவு, 7,500 லீற்றர் சுத்தமான நீரில் உள்ள ஒட்சிசன் முழுவதையும் தீர்த்துவிடப் போதுமானது. வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கிகளில் ஏழரை தாங்கி நீர் அது. ஐந்து பேர் உள்ள குடும்பமாயின் 37,500 லீற்றர். இப்படி நூறு வீடுகள் ஓயாவுக்குக் குழாய் வைத்தால் ஒரு நாளைக்கு 37 இலட்சத்து 50 ஆயிரம் லீற்றர்.

இந்த ஒட்சிசன் ஒரே நொடியில் தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பற்றீரியாக்கள் உண்பதற்கு நாட்கள் எடுக்கும். அதற்கிடையில் நீர் கற்களில் மோதி நுரைத்து ஓடும்போது வளியிலிருந்து புதிய ஒட்சிசனும் கரைகின்றது. ஆற்றின் ‘சுயசுத்திகரிப்பு’ எனப் பாடநூலில் நாம் படிப்பது இதுவே. 1925ஆம் ஆண்டில் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ஒகையோ ஆற்றை ஆராய்ந்து இந்த இழப்பையும் மீட்பையும் ஒரு சமன்பாடாக எழுதினர். அதன் வரைபு, கழிவு சேரும் இடத்துக்குக் கீழே பள்ளமாக இறங்கி, பின்னர் மெல்ல மெல்ல மேலேறும்.

ஆகவே “ஓயா கொண்டு போயிரும்” என்ற கூற்றில் ஓரளவு உண்மை இருக்கின்றது. ஓர் ஆறு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அதற்குத் தூரம் வேண்டும், நேரம் வேண்டும், இடையில் வேறு கழிவு சேராமல் இருக்க வேண்டும். எமது ஓயாவிலோ ஒரு குழாயின் பாதிப்பிலிருந்து நீர் மீள்வதற்கு முன்பே அடுத்த குழாய் வந்துவிடுகின்றது. வரைபு பள்ளத்தில் இறங்குகிறது. ஏறுவதற்கு இடம் கிடைப்பதில்லை.

கற்களைப் புரட்டிப் பார்த்தபோது

மழை குறைந்திருந்த ஒரு வாரத்தில், உயிரியல் ஒப்படைக்காக நானும் வகுப்புத் தோழிகள் இருவரும், எமது ஆசிரியையுடனும் என் வாப்பாவுடனும் ஓயாவின் மூன்று இடங்களுக்குச் சென்றோம். முதலாவது, வீடுகள் குறைவாக உள்ள மேல்பகுதி. இரண்டாவது, கடைத்தெருவின் பின்புறம். மூன்றாவது, நகரைத் தாண்டிய கீழ்ப்பகுதி.

மேல்பகுதியில் கற்களைப் புரட்டினால் அடியில் தட்டையான சிறு பூச்சிக் குடம்பிகள் ஒட்டியிருந்தன. வாலில் மூன்று இழைகள் கொண்ட அவை மே ஈயின் குடம்பிகள் என ஆசிரியை இனங்காட்டினார். ஒட்சிசன் நிறைந்த நீரிலேயே அவை வாழும். கடைத்தெருவின் பின்புறம் புரட்டிய எந்தக் கல்லிலும் அவற்றைக் காணவில்லை. கல்லின் மேல் வழுவழுப்பான சாம்பல் நிறப் படலம் இருந்தது. அடியிலிருந்த சேறு கறுப்பாகவும் கூழ்முட்டை மணத்துடனும் இருந்தது. அந்தச் சேற்றில் சிவப்பு நிறப் புழுக்கள் நெளிந்தன.

இந்தச் சிவப்புக்கு ஒரு காரணம் உண்டு. அவற்றின் உடலில் எமது குருதியில் உள்ளது போன்ற ஈமோகுளோபின் இருக்கின்றது. மிகக் குறைந்த ஒட்சிசனையும் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது. கறுப்புச் சேறும் கூழ்முட்டை மணமும், ஒட்சிசன் தீர்ந்த பிறகு நடப்பவற்றின் அடையாளங்கள். ஒட்சிசன் இல்லாதபோது வேறு வகைப் பற்றீரியாக்கள் சல்பேற்றைப் பயன்படுத்தி ஐதரசன் சல்பைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. அது இரும்புடன் சேர்ந்து கறுப்பு நிற இரும்புச் சல்பைட்டாகப் படிகின்றது.

மூன்று இடங்களின் நீரையும், ஒரு குழாய் வாயிலிருந்து எடுத்த நீரையும் நான்கு கண்ணாடிப் போத்தல்களில் விளிம்புவரை நிரப்பி, மெதிலீன் நீலம் சில துளிகள் இட்டு, வளி புகாமல் மூடி ஆய்வுகூட அலுமாரியில் வைத்தோம். நீரில் ஒட்சிசன் இருக்கும்வரை அந்த நீலம் நிற்கும், தீர்ந்தால் மறையும். முதலில் நிறமிழந்தது குழாய் நீர். அடுத்தது கடைத்தெரு நீர். அதன் பின்னர் கீழ்ப்பகுதி நீர். மேல்பகுதி நீர் கடைசிவரை நீலமாகவே இருந்தது. அலுமாரியைத் திறந்து பார்த்த தரம் 8 மாணவிகளுக்குக்கூட நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைத்தெருவின் பின்புறம் உயிரினமே இல்லை என்று சொல்ல முடியாது. கப்பி மீன்கள் இருந்தன. அவை அசுத்த நீரையும் தாங்கும். கியூலெக்ஸ் நுளம்பின் குடம்பிகளும் தேங்கிய ஓரங்களில் நிறைய இருந்தன. டெங்கு நுளம்பு தெளிந்த நீரைத் தேடும்; கியூலெக்ஸ் நுளம்பு கழிவு கலந்த நீரிலேயே பெருகும். யானைக்கால் நோயைப் பரப்புவது அதுவே. அந்நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழித்த நாடு என இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. நோய் நீங்கினாலும் நுளம்புக்கு நாம் இன்னும் இடம் கொடுத்தே வருகின்றோம்.

கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு

மனித மலத்தில் ஈ. கோலை என்ற பற்றீரியா கோடிக்கணக்கில் இருக்கும். அதன் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. ஆயினும் ஒரு நீரில் அது காணப்பட்டால், அங்கே மலம் கலந்துள்ளது என்பது உறுதியாகும். மலத்தின் வழியாக நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம், வயிற்றுளைவு, ஹெபடைடிஸ் ஏ எனும் செங்கமாரி போன்ற நோய்களின் கிருமிகளும் வரக்கூடும். அதனால்தான் குடிநீரின் 100 மில்லிலீற்றரில் ஒரு ஈ. கோலைகூட இருக்கக் கூடாது என்பது விதியாக உள்ளது.

இந்தத் தொடர்பை உலகம் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1854ஆம் ஆண்டில் இலண்டனின் புரோட் ஸ்ட்ரீட் பகுதியில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். அவை ஒரே நீர்க்குழாயைச் சூழ்ந்திருந்தன. குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அக்கிணற்றுக்கு அருகிலிருந்த ஒரு மலக்குழியிலிருந்து கசிவு சென்றிருந்தது பின்னர் தெரியவந்தது.

அதன் பின்னர் இலண்டன் பெரும் நிலக்கீழ்க் குழாய்களை அமைத்தது. ஆனால் அக்குழாய்கள் கழிவைச் சுத்திகரிக்கவில்லை. நகருக்குக் கீழே கொண்டு சென்று தேம்ஸ் நதியிலேயே விட்டன. அவர்களும் “ஆறு கொண்டு போய்விடும்” என்றே நினைத்தனர். 1957ஆம் ஆண்டில் தேம்ஸின் நகரப் பகுதியை உயிரற்ற ஆறு என விஞ்ஞானிகள் கூறும் நிலை வந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் சீராக்கப்பட்ட பிறகே மீன்கள் திரும்பின. 1974ஆம் ஆண்டில் சமன் மீன் ஒன்று மீண்டும் அங்கு பிடிபட்டது. ஆறு மன்னிக்கும் என்பதற்கும், நாம் நிறுத்தினால்தான் மன்னிக்கும் என்பதற்கும் இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

அளவுக்கு மிஞ்சிய போசணை

கழிவுநீரில் நைதரசனும் பொசுபரசும் உண்டு. சிறுநீர், மலம், சில சலவைத் தூள்கள் ஆகியவற்றிலிருந்து இவை வருகின்றன. வயலுக்கு உரமாவது நீருக்கும் உரமாகும். ஓடும் நீரில் இதன் விளைவு உடனே தெரியாது. நீர் தேங்கும் இடத்தில் அல்காக்களும் நீர்த்தாவரங்களும் கட்டுமீறி வளரும். அவை இறந்து அழுகும்போது மீண்டும் ஒட்சிசன் தீரும். இதையே நற்போசணையாக்கம் என்று படிக்கின்றோம்.

எமக்கு அருகிலேயே இதற்கு உதாரணம் இருக்கின்றது. 1999ஆம் ஆண்டில் கண்டி வாவியின் நீர் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் சயனோபற்றீரியாவின் பெருக்கத்தால் பச்சைச் சாயம் கரைத்தது போலாகியது. இவ்வகைச் சயனோபற்றீரியாக்கள் ஈரலைப் பாதிக்கும் நச்சுப் பொருளை உருவாக்கக்கூடியவை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு அழிவதில்லை. ஓயாவின் பொசுபரசும் காற்றில் மறைந்துவிடாது. அது ஆற்றோடு சென்று, எங்கே நீர் தேங்குகிறதோ அங்கே சேற்றில் படியும்.

வெள்ளம் திருப்பித் தருவது

அக்குறணை மக்களுக்கு வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மலையில் கடும்மழை பெய்தால் சில மணித்தியாலங்களில் பிங்கா ஓயா வீதிக்கு வந்துவிடும். ஒடுங்கிய பள்ளத்தாக்கு, ஓயாவை நெருக்கிய கட்டடங்கள், அடைபட்ட கான்கள் என அதற்குப் பல காரணங்கள் உண்டு.

கடைக்குள் வரும் அந்த நீரை நாம் மழைநீர் என்றே அழைக்கின்றோம். ஆனால் அது ஓயாவின் அடியில் படிந்திருந்த கறுப்புச் சேற்றையும், நிரம்பி வழிந்த மலக்குழிகளின் கழிவையும் சுமந்து வருகின்றது. துணிக்கடையின் தட்டுகளிலும், வீட்டின் பாயிலும், கிணற்றிலும் அது படிகின்றது. பின்பக்கக் குழாயால் அனுப்பியது முன்பக்கக் கதவால் உள்ளே வருகிறது. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை அந்த நீரைக் குடிக்கக் கூடாது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வற்புறுத்துவது இதனாலேயே ஆகும். வெள்ளச் சேற்றைக் கழுவும்போது சிறு பிள்ளைகள் வெறுங்காலுடன் அதில் விளையாடுவதைத் தாய்மார் தடுக்க வேண்டும்.

கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால்

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஓயா எங்கே கொண்டு போகிறது?

கட்டுகஸ்தோட்டையில் பிங்கா ஓயா மகாவலியில் சேர்கின்றது. கண்டியையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த பெருந்தொகையான மக்களுக்கு மகாவலி நீரே சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் நீராக வழங்கப்படுகின்றது. ஆற்றில் அமோனியாவும் சேதனப் பொருளும் கூடும்போது சுத்திகரிப்பு நிலையங்கள் கூடுதலான குளோரின் பயன்படுத்த வேண்டியுள்ளது. ஏனெனில் கிருமியைக் கொல்வதற்கு முன்பே குளோரினின் ஒரு பகுதி அவற்றுடன் தாக்கமுற்றுத் தீர்ந்துவிடும். சேதனப் பொருளுடன் குளோரின் சேரும்போது விரும்பத்தகாத பக்க விளைபொருள்களும் உண்டாகின்றன. நாம் ஓயாவில் விட்டதை நீக்கும் செலவு, கடைசியில் யாரோ ஒருவரின் தண்ணீர்ப் பட்டியலில் சேர்கின்றது.

கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே பொல்கொல்லை அணைக்கட்டு இருக்கின்றது. அங்கு மகாவலி நீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்த சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குச் செல்கின்றது. 1976ஆம் ஆண்டு முதல் இது நடைபெறுகின்றது. அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை, போவதென்ன நீர்த்தேக்கம் எனச் சென்று கலாவெவ வரையும் அதற்கப்பாலும் உலர் வலய வயல்களை நனைக்கின்றது. எஞ்சிய நீர் விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் கடந்து, நாட்டின் மிக நீளமான ஆறாக 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கின்றது.

எமது ஓயாவின் கிருமி மூதூர்வரை போகும் என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலிலும் காலத்திலும் அவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே இறந்துவிடும். ஆனால் போசணைப் பொருள்கள் அப்படி இறப்பதில்லை. அத்துடன் கீழேயுள்ள ஒவ்வோர் ஊரும் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றது. அனுராதபுர மாவட்டத்து விவசாயி ஒருவர் வரம்பில் நின்று கைகால் கழுவும் நீரில் அக்குறணையின் ஒரு துளி இருக்கக்கூடும். “கொண்டு போயிரும்” என்று நாம் சொல்லும்போது, யாரிடம் கொண்டு போகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றோம்.

நிறம், சுவை, மணம்

அஹதிய்யா வகுப்பில் நாம் படித்த நீர்ச் சட்டம் பலருக்கும் நினைவிருக்கும். ஷாபிஈ மத்ஹபின்படி, இரு குல்லத் அளவுக்கு மேற்பட்ட நீரில் அசுத்தம் விழுந்தாலும், நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று மாறாதவரை அந்நீர் சுத்தமானதாகவே கொள்ளப்படும். “ஓடுற தண்ணிக்கு ஒன்றுமில்லை” என்று சொல்பவர்கள் இதன் முதற்பாதியையே சொல்கின்றனர். கோடை நாட்களில் கடைத்தெருவின் பின்னால் நின்று பார்த்தால், ஓயா இரண்டாம் பாதியில் தோற்றுவிடுகிறது. சுவைத்துப் பார்க்கத் தேவையில்லை. நிறமும் மணமுமே போதும்.

என் உம்மம்மா சிறு வயதில் இதே ஓயாவில் குளித்ததாகவும், ஓயா நீரில் வுழூச் செய்துகொண்டு பெண்கள் வீடு திரும்பியதாகவும் சொல்வார். இன்று அந்த இடத்தில் யாரும் கால் நனைப்பதில்லை. எந்தச் சட்டமும் தடுக்காமலேயே ஊர் அந்த நீரைக் கைவிட்டுவிட்டது.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அதுபோல மக்கள் நீர் எடுக்கும் இடம், நடக்கும் பாதை, இளைப்பாறும் நிழல் ஆகியவற்றில் மலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் எனவும் எச்சரித்துள்ளார்கள். இரண்டாவது எச்சரிக்கையில் நீர் ஓடுகிறதா தேங்குகிறதா என்பதல்ல, அது பிறர் பயன்படுத்தும் இடம் என்பதே முக்கியமாகின்றது. ஐவேளை சுத்தம் செய்துகொள்ளும் சமூகம், அந்தச் சுத்தம் செய்த நீர் எங்கே போகின்றது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

என்ன செய்யலாம்?

குற்றம் சாட்டுவது இலகு. ஆனால் ஓயாக் கரையில் மூன்று பேர்ச் காணியில் வீடு கட்டிய குடும்பத்துக்கு மலக்குழி வெட்ட இடமில்லை என்பதும் உண்மை. கண்டி மாநகருக்கு ஜப்பானின் கடனுதவியுடன் கன்னொறுவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. அத்தகைய குழாய் வலையமைப்பு நாட்டின் மிகச் சில நகரங்களுக்கே உண்டு. ஆகவே எமது நிலைமைக்கேற்ற வழிகளை நாமே தேட வேண்டியுள்ளது.

முதலாவது, இடமுள்ள வீடுகள் முறையான இரு பகுதி ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். நீர் கசியாத தொட்டியில் திண்மம் அடியில் படிய, தெளிந்த நீர் ஊறுகுழிக்குச் சென்று மண்ணால் வடிகட்டப்பட வேண்டும். தொட்டியை மூன்று முதல் ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை பவுசர் மூலம் வெறுமையாக்க வேண்டும். பல வருடங்களாக நிரம்பவே இல்லை என்று பெருமைப்படும் குழி, பெரும்பாலும் எங்கோ கசிகின்ற குழியாகும்.

இரண்டாவது, சமையலறை. எண்ணெய்ச் சட்டியைக் கழுவுவதற்கு முன் பழைய தாளால் துடைத்தல், மீதிச் சோற்றைக் கோழிக்கோ பசளைக் குழிக்கோ இடுதல் ஆகியன செலவில்லாதவை. உணவகங்கள் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் சிறு தொட்டியொன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

மூன்றாவது, இடமில்லாத வீடுகளும் கடைகளும் ஒன்றுசேர்தல். பத்து இருபது கட்டடங்களின் கழிவை ஒரே பொதுத் தொட்டிக்கு எடுத்து, அதிலிருந்து வரும் நீரைச் சரளைக்கல்லும் நாணலும் கொண்ட படுகை வழியே வடித்து விடலாம். நாணலின் வேர்களைச் சுற்றி வாழும் பற்றீரியாக்கள் மிகுதிச் சேதனப் பொருளை உண்டுவிடும். ஒருவரால் முடியாததை ஒரு மஹல்லாவால் செய்ய முடியும். பள்ளிவாசல் நிருவாகமும் வர்த்தகர்களும் உள்ளூராட்சி மன்றமும் பொறியியலாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் இது கனவல்ல.

நான்காவது, சட்டம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடை செய்கின்றது. உள்நாட்டு நீர்நிலைகளுக்குள் விடப்படும் கழிவுநீரின் பீ.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீரில் இது பொதுவாக 200 ஐயும் தாண்டும்.

ஐந்தாவது, எமது கல்லூரி. மெதிலீன் நீலமும் நான்கு போத்தல்களும் இருந்தால் மாதம் ஒருமுறை ஓயாவின் நிலையைப் பதிவு செய்யலாம். ஓர் அப்பியாசப் புத்தகம் போதும். இந்த வருட உயர்தர மாணவிகள் அடுத்த வருட மாணவிகளிடம் அதைக் கையளிக்கலாம். பத்து வருடங்களில் அது எமது ஊருக்கே பயன்படும் ஆவணமாகும்.

அன்பின் பெற்றோரே, சகோதரிகளே! இவற்றில் பலவற்றுக்குப் பணமும் காலமும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் எதுவும் வேண்டியதில்லை. இந்தச் சஞ்சிகையை மூடி வைத்துவிட்டு, வீட்டின் பின்பக்கம் சென்று, எமது மலசலகூடக் குழாயும் சமையலறைக் குழாயும் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். வாப்பாவிடம் கேளுங்கள். வீடு கட்டிய மேசன் பாஸிடம் கேளுங்கள். அது மண்ணுக்குள் முடிந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஓயாவில் முடிந்தால், அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு வீடு இருக்கின்றது. அந்த வீட்டுக்குக் கீழே இன்னொரு வீடு இருக்கின்றது. அவர்களும் இந்த நீருக்கு உரியவர்களே.